அச்சுப்பிழைக்கு முழு மதிப்பெண்

பம்பாயில் பல வருடம் புரோகிராம் எழுதிய நான், தொண்ணூறுகளில் ராஜபாளையம் திரும்பி கம்ப்யூட்டர் டியூஷன் எடுத்தேன். ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து பஸ்ஸில் வரும் செல்வி, காலாண்டுப் பரீட்சையில் ஒரு புரோகிராமைத் தானே யோசித்து எழுதியிருந்தாள். முட்டை போட்டிருந்தார்கள். என் கம்ப்யூட்டரில் ஓட்டிப் பார்த்தேன். சரியான விடை வந்தது. கொதித்துப்போய் அவளுடைய ஆசிரியரிடம் போய்க் கேட்டேன்.

"ஓடுனா ஓடட்டும் சார். புஸ்தகத்துல அப்பிடி இல்லையே" என்றார்.

அரையாண்டில் செல்விக்கு முழு மதிப்பெண். விடைத்தாளைப் பார்த்தால், புத்தகத்தின் அச்சுப்பிழையைக்கூட அப்படியே எழுதியிருந்தாள்.

"ஏட்டி, இது ஓடவே ஓடாதே?"

"தெரியும் சார். ஆனா மார்க்கு வருதுல்லா."

பிழையைக் கண்டுபிடிக்க நான்தான் சொல்லிக்கொடுத்தேன். கண்டுபிடித்தும் கைவைக்காமல் விட, பள்ளிக்கூடம் சொல்லிக்கொடுத்துவிட்டது.