அடியில் திறந்த டப்பாக்கள்

என் சமையலறை இழுப்பறையில், கரண்டிகளுக்கு அடியில், டப்பா திறக்கும் பழைய கத்தி ஒன்று கிடக்கிறது. மரப்பிடி, வளைந்த மூக்கு. இப்போது கடையில் வாங்கும் டப்பாக்கள் வளையத்தில் விரலை விட்டு இழுத்தாலே திறந்துகொள்கின்றன. இந்தக் கத்திக்கு வேலை இல்லை. மருமகள் இரண்டு முறை அதைப் பழைய இரும்புக்காரனிடம் போட எடுத்தாள். இரண்டு முறையும் பிடுங்கி வைத்துக்கொண்டேன். மாமியார் எதையோ ஆசையாகப் பாதுகாக்கிறாள் என்று அவள் நினைக்கிறாள். ஆசையும் இல்லை, மண்ணும் இல்லை.

அறுபதுகளின் தொடக்கத்தில் திண்டுக்கல்லில் ஒரு மிஷன் பள்ளியில் ஆசிரியையாகச் சேர்ந்தேன். பள்ளியை ஒட்டிய பெண்கள் விடுதியிலேயே எனக்கும் ஓர் அறை. விடுதியை நடத்தியவர் மேட்ரன் அம்மா. கஞ்சி போட்ட வெள்ளைச் சேலை, இடுப்பில் சாவிக்கொத்து, யாரையும் ஒரு பார்வையில் எடை போட்டுவிடும் கண்கள். சிறு வயதிலேயே கணவரை இழந்து, பிறந்த வீட்டில் வேலைக்காரி போல இருந்துவிட்டு வந்தவர் என்று சமையல்கார அக்கா சொல்வார். அதனாலோ என்னவோ, யார் முன்னாலும் ஒன்றும் இல்லாதவராகத் தெரிந்துவிடக் கூடாது என்பதில் அவருக்கு ஒரு வெறியே இருந்தது. விடுதிக்கு வெளிநாட்டிலிருந்து கோதுமை ரவையும் பால் பவுடரும் தானமாக வரும். அவை தினமும் பிள்ளைகளின் தட்டுக்கும் தம்ளருக்கும் போய்விடும். கூடவே மரப்பெட்டிகளில் டப்பாக்கள் வரும். பாலாடைக் கட்டி, கெட்டிப்பால், பட்டாணி, பாகில் போட்ட பழம். அவை பிள்ளைகளிடம் போகமாட்டா.

சாமான் அறையில் கடப்பைக்கல் பாவிய அலமாரி ஒன்று சுவர் முழுக்க நான்கு தட்டுகளோடு இருந்தது. மேல் தட்டில் பாலாடைக் கட்டி, கீழ்த் தட்டுகளில் கெட்டிப்பாலும் பட்டாணியும். கண்ணுக்கு நேராக வரும் தட்டில் பழம். படம் போட்ட பக்கம் எல்லாம் வாசலைப் பார்க்க வேண்டும். நூல் பிடித்துத்தான் வரிசை வைப்போம். சனிக்கிழமை தோறும் டப்பாக்களை இறக்கி, துணியால் துடைத்து, விளிம்பைச் சாம்பல் தொட்டுத் தேய்த்து, மறுபடி ஏற்ற வேண்டும். ஆங்கிலம் வாசிக்கத் தெரிந்தவள் என்பதால் அந்த வேலை என் தலையில் விழுந்தது. எனக்குக் கூடமாட உதவக் குஜிலியம்பாறைப் பக்கத்திலிருந்து வந்து எட்டாம் வகுப்புப் படித்த ஒரு பிள்ளையைக் கொடுத்தார்கள். அவளுடைய அப்பா வானம் பார்த்த நிலத்தில் கடலை போட்டுக்கொண்டிருந்தார். பழ டப்பாவின் மேல் இருந்த மஞ்சள் படத்தை அவள் நத்தத்து மாம்பழம் என்றே சாதிப்பாள். "அது சீமைப் பழம்டி, நம்ம பக்கம் விளையாது" என்று நான் எத்தனை முறை சொன்னாலும் நம்பமாட்டாள்.

டப்பாக்களைத் திறப்பது பாதிரிச் சாமியார்கள் வந்தால், பள்ளியைப் பார்வையிட அதிகாரிகள் வந்தால், கோவில் திருநாளுக்குப் பெரிய மனிதர்கள் வந்தால்தான். விருந்தாளி மேசையில் ஆசிரியைகளுக்கும் இடம் உண்டு. நானும் தின்றிருக்கிறேன், மறைக்க என்ன இருக்கிறது. ஆனால் ஒரு டப்பா எடுத்ததும் வரிசையில் விழும் இடைவெளியை மேட்ரன் அம்மாவால் தாங்க முடியாது. "பல்லு போன வாயாட்டம் இருக்கு டீச்சர், பாக்கச் சகிக்கல" என்பார். அவர் முகம் போன போக்கைப் பார்த்து ஒருநாள் நான்தான் அந்த யோசனையைச் சொன்னேன். டப்பாவை மேலே திறக்காமல் கவிழ்த்து அடியில் திறக்கலாம். உள்ளே இருப்பதை எடுத்துக்கொண்டு கழுவிக் காயவைத்து, பழைய இடத்திலேயே நிமிர்த்தி வைத்துவிடலாம். மேட்ரன் அம்மா என் கன்னத்தை வழித்துத் தன் நெற்றியில் விரல்களைச் சொடுக்கினார். "படிச்ச மூளைன்னா படிச்ச மூளைதான்!" அன்று முழுக்க எனக்குக் கால் தரையில் பாவவில்லை.

அதன் பிறகு அலமாரி எப்போதும் நிறைந்தே இருந்தது. கனமானவை முன் வரிசையில், காலியானவை பின்னால். திறந்த டப்பாவைக் கழுவுவது அந்தப் பிள்ளையின் பொறுப்பு. ஒருமுறை ஆள்காட்டி விரலை ஆழமாகக் கிழித்துக்கொண்டு வந்து நின்றாள். மஞ்சளை அப்பித் துணி சுற்றிவிட்டேன். "பாத்துக் கழுவக் கூடாதா? கண்ணு எங்க போச்சு?" என்று திட்டினேன். அவள் அழவில்லை. ஏதோ திருடி மாட்டிக்கொண்டவள் போலத் தலையைக் குனிந்துகொண்டிருந்தாள். அது ஏன் என்று நான் யோசிக்கவில்லை.

அடுத்தடுத்து இரண்டு வருடம் மழை பொய்த்தது. ஊரிலிருந்து பெற்றோர் கொண்டுவந்து போடும் தானியம் நின்றது. பிள்ளைகள் எண்ணிக்கை கூடியது, பால் தண்ணீரானது. அந்தச் சமயத்தில்தான் பொருள் அனுப்பும் சங்கத்திலிருந்து ஒரு வெள்ளைக்காரர் எந்த விடுதிக்கு என்ன தேவை என்று குறித்துக்கொண்டு போக வந்தார். மேட்ரன் அம்மா ஒரு வாரம் தூங்கவில்லை. சுண்ணாம்பு அடித்தார், பிள்ளைகளின் கிழிந்த பாவாடைகளைத் தைக்க வைத்தார். எங்களை டப்பாக்களைக் கண்ணாடி போலத் துடைக்கச் சொன்னார். வந்தவர் சாமான் அறை வாசலில் நின்று வியந்து பார்த்தார். முன் வரிசையிலிருந்து ஒரு டப்பாவை எடுத்துக் கையில் ஏந்திப் பார்த்துவிட்டு வைத்தார். பிறகு நோட்டைத் திறந்து, உங்களுக்கு இன்னும் என்ன குறை இருக்கிறது என்று கேட்டார். மொழிபெயர்க்க நான் நின்றேன்.

மேட்ரன் அம்மா கைகூப்பினார். "ஒரு குறையும் இல்லைன்னு சொல்லுங்க டீச்சர். ஆண்டவரு அம்புட்டும் குடுத்திருக்காரு."

வீட்டுக்கு வந்தவர் குறை என்ன என்று கேட்டால் நம் பக்கத்தில் யாரும் குறையைச் சொல்லமாட்டார்கள். கேட்டவரும் அதை அப்படியே எடுத்துக்கொள்ளமாட்டார், அடுப்பைப் பார்த்துத் தெரிந்துகொள்வார். அந்த மனிதருக்கு அது தெரியாது. எனக்குத் தெரியும். பவுடர் பீப்பாயின் அடியைச் சுரண்டிக்கொண்டிருப்பதும் தெரியும், பின் வரிசை வெறும் தகரம் என்பதும் தெரியும். ஒரு சொல் மாற்றிச் சொல்லியிருக்கலாம். நான் சொல்லுக்குச் சொல் பிசகாமல் ஆங்கிலமாக்கினேன். உங்கள் ஆங்கிலம் நன்றாக இருக்கிறது என்றார் அவர். அதில் எனக்கு உச்சி குளிர்ந்துபோனது.

இரண்டு மாதத்தில் கடிதம் வந்தது. விடுதியின் சுத்தத்தையும் ஒழுங்கையும் முதல் பாதியில் வானளாவப் புகழ்ந்திருந்தார்கள். மேட்ரன் அம்மா அதை மட்டும் இரண்டு முறை படிக்கச் சொல்லிக் கேட்டார், சமையல்கார அக்காவையும் கூப்பிட்டுக் கேட்கவைத்தார். மறு பாதியை நான் படித்தபோது அவருக்கு உடனே விளங்கவில்லை. இங்கே தேவை தீர்ந்துவிட்டதால் இனி எல்லாப் பொருளையும் வேறு இடத்துக்கு அனுப்பப்போகிறார்கள். "கோதுமையுமா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். "பாலுமா?"

உண்மையை எழுதிவிடலாம், பாதி டப்பா காலி என்று சொல்லிவிடலாம் என்று கெஞ்சினேன். அவர் முகம் கல்லாகிவிட்டது. "காலி டப்பாவ அடுக்கி வச்சு ஏமாத்துனோம்னு என் வாயால சொல்லச் சொல்றீகளா? அதுக்கு இந்த விடுதிய இழுத்து மூடிட்டுப் போகலாம்." அந்தச் சொல்லுக்காக அவரை நான் இன்றுவரை மன்னிக்கவில்லை. ஆனால் காகிதமும் பேனாவும் என் மேசையிலும்தான் இருந்தன. நானே எழுதியிருக்கலாம். வேலை போய்விடுமே என்று வாயை மூடிக்கொண்டிருந்தேன்.

அந்தப் பருவத்தோடு பதினோரு பிள்ளைகளை ஊருக்கு அனுப்பினார்கள். வீட்டில் ஒரு வேளைக் கஞ்சியாவது கிடைக்கும் என்று தோன்றியவர்களைப் பார்த்துப் பொறுக்கினார்களாம். டப்பா கழுவிய எங்கள் பிள்ளையும் அதில் இருந்தாள். தகரப் பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு, "போயிட்டு வாரேன் டீச்சர்" என்றாள். திரும்பி வரமாட்டாள் என்பது எங்கள் இரண்டு பேருக்கும் தெரியும். அன்று மாலை மேட்ரன் அம்மா டப்பா திறக்கும் கத்தியைக் கொண்டுவந்து என் மேசையில் வைத்துவிட்டுப் போனார். ஆனால் அடுத்த சனிக்கிழமையும் அலமாரியைத் துடைத்தார். தனியாக.

பத்துப் பன்னிரண்டு வருடம் கழித்து, வடமதுரையில் பஸ்ஸுக்கு நின்றபோது அந்தப் பிள்ளைதான் என்னை அடையாளம் கண்டுகொண்டாள். இடுப்பில் குழந்தை, கையில் கத்தரிக்காய்க் கூடை. சந்தைக்கு வந்தாளாம். பேச்சுவாக்கில், "அந்த டப்பாவெல்லாம் இன்னும் இருக்கா டீச்சர்?" என்றாள். அவளுக்கு ஆறுதலாக இருக்கட்டும் என்று ஒரு பொய்யைச் சொன்னேன். "அதுல என்னடி இருந்துச்சு, ஒரே புளிப்பு. வாயில வைக்க முடியாது."

அவள் சிரித்தாள். "இல்ல டீச்சர். நல்லா இனிக்கும். கழுவுறதுக்கு முன்னாடி உள்ள விரல விட்டு வழிச்சு நக்குவேன்ல. அப்பக் கிழிச்சதுதான் இது." குழந்தையை மறு இடுப்புக்கு மாற்றிக்கொண்டு ஆள்காட்டி விரலை நீட்டினாள். நுனியிலிருந்து நடுக்கணு வரை வெள்ளைக் கோடு ஓடியது. "நீங்ககூடப் பாத்துக் கழுவக் கூடாதான்னு வஞ்சீங்க." அதைக் குறையாக அவள் சொல்லவில்லை. பஸ் வந்தது. கூடையை முதலில் ஏற்றிவிட்டு, பின்னாலேயே ஏறிப் போய்விட்டாள்.

கரண்டி தேடும்போது சில நாள் அந்தக் கத்தியின் மூக்கு என் கையில் படுகிறது. தெருவில் பழைய இரும்புக்காரன் கூவிக்கொண்டு போகிறான். நான் இழுப்பறையைச் சாத்திவிடுகிறேன். அது என்னிடமே கிடக்கட்டும்.