சிவபாக்கியம் அக்கா திருத்திய ஒரு சொல்

செய்தியைச் சொன்னவர் சிறிபால. எங்கள் நீதிமன்றத்தில் நெடுங்காலம் பியோனாக இருந்து, என்னோடு ஏறக்குறைய ஒரே காலத்தில் ஓய்வு பெற்றவர். நான் அப்போது பண்டாரவளைச் சந்தையில் லீக்ஸ் கட்டு ஒன்றைக் கையில் வைத்து விலை பேசிக்கொண்டிருந்தேன். வழக்கமாக என்னோடு சிங்களத்தில் பேசுகிறவர், அன்று தமிழில் பேசினார். “நஸீமா மிஸ், பாக்கியம் மிஸ் போயிட்டாங்க. காலையில. பதுளை ஆஸ்பத்திரியில.” அவருக்குத் தெரிந்த தமிழ் எல்லாம் அக்கா பேசக் கேட்டுக் கேட்டு வந்தது. இந்தச் செய்தியை மட்டும் வேறு மொழியில் சொல்ல அவருக்கு மனம் வரவில்லை போலும்.

சட்டத்தரணிகளுக்கு அவர் பாக்கியம் மிஸ். தேயிலைத் தோட்டத்துச் சனங்களுக்குக் கோர்ட்டு அம்மா. அவரோடு ஒரே அலுவலகத்தில் எழுதுவினைஞராக இருந்த எனக்கு அக்கா. ஊவா மலையின் ஒரு சிறிய நீதிமன்றத்தில் அவர் உரைபெயர்ப்பாளராக இருந்தார். தமிழ் தெரியாத நீதவானுக்கும் சிங்களம் தெரியாத சனங்களுக்கும் நடுவே நிற்பது அவருடைய வேலை.

மரண வீட்டுக்கு வந்திருந்த நீங்கள் பலரும் அவருடைய அடக்கத்தைப் பற்றியே பேசினீர்கள். தலைக்கனமே இல்லாதவர், தன்னைப் பெரிதாக நினைக்காதவர் என்றீர்கள். கூடத்தின் மூலையில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்த எனக்கு அது முழுவதும் ஒத்துவரவில்லை. அக்கா கூச்சப்படுகிறவர் அல்ல. கஞ்சி போட்டு இஸ்திரி செய்த சேலையில், மடிப்புக் கலையாமல்தான் வேலைக்கு வருவார். யாராவது மெதுவாக வேலை செய்தால் முகத்துக்கு நேரே சொல்லிவிடுவார். தன் திறமை அவருக்கு நன்றாகத் தெரியும்.

ஒரு வருட முடிவில் சட்டத்தரணிகள் வைத்த தேநீர் விருந்தில், மூத்தவர் ஒருவர் எழுந்து, இந்த மாகாணத்திலேயே பாக்கியம் மிஸ்ஸைப் போல் மொழிபெயர்க்க ஆள் இல்லை என்று புகழ்ந்தார். அக்கா கையைப் பிசைவார், அப்படியெல்லாம் இல்லை என்பார் என்று எல்லோரும் காத்திருந்தோம். அவர் தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்துவிட்டு, “ஆமா, நல்லாத்தான் செய்றேன். அதுக்குத்தானே சம்பளம்” என்றார். சிலர் சிரித்தார்கள். சிலருக்கு அது பிடிக்கவில்லை. அடக்கம் என்றால் குனிந்து நிற்பது என்று நானும் அந்த நாட்களில் நினைத்திருந்தேன். அந்த நினைப்பு எப்படி மாறியது என்பதைத்தான் சொல்ல வந்தேன்.

அந்த வழக்கு காளியம்மாவுடையது. பூனாகலைப் பக்கத்தில் ஒரு தோட்டத்தில் கொழுந்து பறிப்பவர். தோட்டத்து மரத்தை வெட்டியதாக அவர்மேல் குற்றச்சாட்டு. சட்டத்தரணி யாரும் இல்லை. பக்கத்துக் காம்பரா வீட்டில் இருந்தவர்களிடம் தன் சின்னப் பிள்ளையை விட்டுவிட்டு, மத்தியானம் திரும்பிவிடலாம் என்று நினைத்து வந்திருக்கிறார். அன்று வழக்குகள் அதிகம். அக்கா குற்றச்சாட்டைத் தமிழில் சொன்னார். காளியம்மா கையைக் கட்டிக்கொண்டு, தலையைக் குனிந்து, “ஆமாங்க” என்றார். அக்கா நீதவானிடம் சிங்களத்தில் சொன்னார்: குற்றத்தை ஒப்புக்கொள்கிறார். தண்டனையை மறுநாள் அறிவிப்பதாகச் சொல்லி, அதுவரை காளியம்மாவை மறியலில், சிறைக் காவலில், வைக்க நீதவான் உத்தரவிட்டார். பொலிஸார் கையைப் பிடித்தபோதும் காளியம்மா “ஆமாங்க” என்றுதான் சொன்னார். எனக்கு அது உறைக்கவில்லை. அக்காவுக்கும் அப்போது உறைக்கவில்லை.

உறைத்தது அன்று பின்னேரம், பஸ்ஸில். அதை அவரே பிறகு எனக்குச் சொன்னார். முன் இருக்கையில் தோட்டத்து வயசாளி அம்மா ஒருவர் இருந்திருக்கிறார். கொண்டக்டர் சிங்களத்தில், இங்கேயா இறங்க வேண்டும் என்று கேட்டிருக்கிறார். அந்த அம்மா “ஆமாங்க, ஆமாங்க” என்றிருக்கிறார். பஸ்ஸை நிறுத்தி இறக்கிவிட்டார்கள். பஸ் நகர்ந்தபோது அக்கா ஜன்னல் வழியாகத் திரும்பிப் பார்த்தார். அந்த அம்மா மூட்டையோடு நடுவீதியில் நின்று, எந்தப் பக்கம் போவதென்று தெரியாமல் பார்த்துக்கொண்டிருந்தார்.

“அடுத்த ஹோல்ட்ல எறங்கி திரும்ப நடந்தேன், நஸீமா. அந்தம்மாவ சரியான பஸ்ஸுல ஏத்திவுட்டேன். ஏத்திவுட்டுட்டு அங்கேயே மதகுல உக்காந்துட்டேன். கோர்ட்டுல அந்தப் புள்ள ஒப்புக்கலடி. நான் பேசுனது கேட்டுச்சுன்னு சொல்லிருக்கு. அவ்வளவுதான்.”

அக்காவே லயத்தில், தோட்டத் தொழிலாளர் வரிசை வீட்டில், பிறந்தவர், ஹல்துமுல்லைப் பக்கம். அம்மாவும் அப்பாவும் மலையில் வேலை செய்தவர்கள். “தோட்டத்துத் தொரை என்ன கேட்டாலும் எங்கம்மா ‘ஆமாங்க’ன்னுதான் சொல்லும். வையும்போதும் அதேதான். நானும் அப்பிடிச் சொல்லி வளந்தவதான். எனக்கே அது மறந்துபோச்சுன்னா, நான் அங்க எதுக்கு நிக்கிறேன்” என்றார்.

மறுநாள் காலை வழக்குகளைக் கூப்பிடத் தொடங்குமுன் அக்கா எழுந்து நின்று அனுமதி கேட்டார். நீதவான் இளைஞர், கண்டிப்பானவர். சிங்களத்தில் நடந்த பேச்சை என் தமிழில் தருகிறேன்.

“நேற்று காளியம்மாவின் வழக்கில் நான் சொன்னது பிழை. அவர் குற்றத்தை ஒப்புக்கொள்ளவில்லை. கேட்கிறது என்று மட்டும் சொன்னார்.”

“அவர் பேச்சை மாற்றுகிறாரா?”

“இல்லை. அவர் இன்னும் எதுவும் சொல்லவில்லை. பிழை என்னுடையது.”

பொலிஸ் தரப்பில் நின்ற அதிகாரி எழுந்தார். உரைபெயர்ப்பாளரும் தோட்டத்திலிருந்து வந்தவர், யாரோ வந்து கேட்டிருப்பார்கள், அதனால்தான் இந்த மாற்றம் என்றார். மண்டபம் நிறைய ஆட்கள். அக்காவின் கழுத்து சிவந்ததை நான் பார்த்தேன். அவருக்குக் கோபம் வரும்போது அப்படித்தான் சிவக்கும். ஆனால் அவர் அந்த அதிகாரியின் பக்கம் திரும்பவில்லை.

நீதவான் சொன்னார்: “இரண்டில் ஒன்றுதான் இருக்க முடியும். ஒன்று, நேற்றுப் பிழை செய்தீர்கள். அல்லது இன்று பொய் சொல்கிறீர்கள். நேற்றுத்தான் பிழை என்றால், இதற்கு முன்னும் இப்படி நடந்திருக்கிறதா?”

இல்லை என்று சொல்லியிருக்கலாம். நினைவில்லை என்றும் சொல்லியிருக்கலாம். அதை யாரும் குறை சொல்ல மாட்டார்கள். அத்தனை வருட உழைப்பு, அந்த மண்டபத்தில் அவருக்கு இருந்த மதிப்பு, பதுளையில் மேல் நீதிமன்ற வேலைக்கு அவர் பெயர் போயிருந்தது, எல்லாமே அந்தப் பதிலில் தொங்கிக்கொண்டிருந்தன. அக்கா சற்று யோசித்தார். பயந்து யோசித்தது போல் எனக்குத் தோன்றவில்லை. பழைய முகங்களை ஒவ்வொன்றாக நினைவுக்குக் கொண்டுவருவது போல் இருந்தது.

“நடந்திருக்கலாம்” என்றார். “இந்தச் சொல்லை நான் எத்தனை பேருக்கு அப்படி மொழிபெயர்த்தேன் என்று எனக்குத் தெரியாது.”

நான் பெரிய மனிதர்கள் பலரைப் பார்த்திருக்கிறேன். தங்கள் எளிமையைப் பற்றி மணிக்கணக்காகப் பேசியவர்களையும் கேட்டிருக்கிறேன். தன் வாழ்க்கை முழுவதையும் மேசைமேல் வைத்து, இதில் பிழை இருக்கலாம், பாருங்கள் என்று சொன்ன ஒருவரை அன்றுதான் முதலில் பார்த்தேன். உடம்பெல்லாம் சிலிர்த்தது. இப்போது எழுதும்போதும் அப்படித்தான் இருக்கிறது.

காளியம்மாவை மறுபடி கூப்பிட்டார்கள். அக்கா தன் இடத்தை விட்டுக் கூண்டுக்குப் பக்கத்தில் போய் நின்றார். குற்றச்சாட்டைச் சொல்லிவிட்டு, “இப்ப நான் என்ன சொன்னேன்னு நீங்க ஒருக்கா சொல்லுங்க” என்றார். காளியம்மா விழித்தார். பிறகு மெதுவாக, “மரத்த வெட்டுனேன்னு சொல்றீங்க” என்றார். “வெட்டுனீங்களா?” “இல்லைங்க. காத்துக்கு வுழுந்த கொப்புங்க. அடுப்புக்கு எடுத்தேன்.” அக்கா அதை அப்படியே, ஒரு சொல் கூட்டாமல், சிங்களத்தில் சொன்னார். காளியம்மா அன்றே வீட்டுக்குப் போனார். வழக்கு சில மாதங்கள் நடந்து, அவர் விடுதலையானார்.

அக்காவிடம் மேலிடம் விளக்கம் கேட்டது. அவர் கொடுத்த விளக்கம் எனக்கு மனப்பாடம்: “அவர் சொன்னதை விட்டுவிட்டு, எனக்குப் பழகிப்போனதை மொழிபெயர்த்துவிட்டேன்.” பதுளை வேலை வேறொருவருக்குப் போனது. அக்காவுக்கு அதில் வருத்தம் இல்லை என்று எழுதினால் அது பொய். சில நாட்கள் அவர் சாப்பாட்டுப் பெட்டியைத் திறக்கவேயில்லை. நான் கேட்டபோது, “கவலையாத்தான் இருக்கு. இருக்கட்டும், தானா போகும்” என்றார். அதன் பிறகு ஓய்வு பெறும்வரை, ஒவ்வொருவரிடமும், எவ்வளவு நெரிசலான நாளிலும், நான் சொன்னதை ஒருக்கா சொல்லுங்க என்று கேட்டார். சிலர் சலித்துக்கொண்டார்கள். அந்த இளம் நீதவான் மட்டும், அக்கா தலையசைக்கும்வரை பேனையை எடுக்கமாட்டார்.

வழக்கு முடிந்த பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை, காளியம்மாவைப் பார்க்கப் போக வேண்டும், கூட வா என்றார். போனோம். லயத்து வாசலில் சாக்கை விரித்து எங்களை உட்காரவைத்து, காளியம்மா பிளேன்டீ ஊற்றிக் கொடுத்தார்.

“காளியம்மா, அன்னைக்கு நான் பிழையா சொல்லிட்டேன். அதனாலதான் மறியல்ல இருந்தீங்க. அதச் சொல்லத்தான் வந்தேன்” என்றார் அக்கா.

“அதெல்லாம் எதுக்குங்கம்மா. நீங்கதானே என்னய வெளிய எடுத்துவுட்டீங்க.”

“இல்ல. நான்தான் உள்ள போட்டேன். மொதல்ல அது. மத்ததெல்லாம் பொறகுதான்.”

காளியம்மா வாசலில் விளையாடிய பிள்ளையை இழுத்து மடியில் வைத்துக்கொண்டார். பிறகு அக்காவைப் பார்க்காமலே சொன்னார்: “கோவமாத்தாங்க இருந்துச்சு. ராவெல்லாம் புள்ள நெனப்புதான். நம்ம ஆளு ஒருத்தி அங்க நிக்கிறா, அவளே இப்பிடி சொல்லிட்டாளேன்னு ஒங்கள வஞ்சேங்க.”

எனக்குச் சங்கடமாக இருந்தது. பேச்சை மாற்றப் பார்த்தேன். அக்கா என் கையை அழுத்தி நிறுத்தினார். தன் பக்கத்து நியாயம் ஒன்றுகூடச் சொல்லவில்லை. வழக்குகள் அதிகம் என்று சொல்லவில்லை. தனக்குப் போன வேலையைப் பற்றியும் மூச்சுவிடவில்லை. கடைசிச் சொல்வரை கேட்டுவிட்டு, “வையத்தான் செய்வீங்க” என்றார். அவர் அவ்வளவு தூரம் வந்தது நன்றியை வாங்கிக்கொள்வதற்காக அல்ல. இந்தச் சொற்களைக் கேட்பதற்காகத்தான் என்று எனக்கு அப்போதுதான் புரிந்தது. திரும்பி வரும்போது பஸ்ஸில் முகம் தெளிந்திருந்தார். “நல்ல புள்ள. மறைக்காம சொல்லிருச்சு” என்றார்.

கடைசியாக அவரைப் பதுளை ஆஸ்பத்திரியில் பார்த்தேன். மூச்சு வாங்கியது, ஆனால் பேச்சு தெளிவாக இருந்தது. நெடுநாளாகக் கேட்க நினைத்ததைக் கேட்டேன். “அக்கா, அன்னைக்கு எழும்பி நின்டீங்களே, பயமா இருக்கலியா?”

“நல்லாப் பயந்தேன். மேசையப் புடிச்சிக்கிட்டுத்தானே நின்னேன், நீ பாக்கலயா?” சற்று மூச்சு விட்டுத் தொடர்ந்தார். “ஆனா அந்த மண்டபத்துல என்னய விடப் பயந்துபோய் ஒருத்தி இருந்தாளே, நஸீமா. அவளப் பாத்ததும் என் பயம் பெருசாத் தெரியல.”

அவரை அறிந்தவர்களே, நீங்கள் சொன்ன அடக்கம் என்ற சொல்லை நான் மறுக்கவில்லை. அதற்கு நான் வைத்திருக்கும் பொருள் இதுதான்: தன்னை அவர் சிறியவராக நினைக்கவில்லை. அந்த மண்டபத்தில் இருந்தவர்களில் தானும் ஒருவர் என்று நினைத்தார். ஒருவர் மட்டுமே என்றும் நினைத்தார். தன் பெயரைவிட எதிரே நிற்பவரின் வாயிலிருந்து வந்த சொல் அவருக்குப் பெரிதாக இருந்தது.

அவரைப் போல் மன்றத்தில் எழுந்து நிற்கும் துணிச்சல் எனக்கில்லை. என்னால் முடிந்த ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டேன். என் மகனுடைய மனைவி எங்களோடுதான் இருக்கிறாள். நான் எதைச் சொன்னாலும் “சரி, மாமி” என்பாள். நல்ல மருமகள் கிடைத்திருக்கிறாள் என்று எல்லோரிடமும் சொல்லித் திரிந்தவள் நான். அக்காவின் மரண வீட்டிலிருந்து திரும்பிய மறுநாள், வழக்கம்போல் ஏதோ சொன்னேன், அவளும் சரி என்றாள். கையிலிருந்த வேலையை வைத்துவிட்டு, “மகள், மனசுக்குச் சரியா, இல்ல நான் சொன்னதுக்காகச் சரியா?” என்று கேட்டேன். அவள் கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, பேசத் தொடங்கினாள்.