வெட்டர் டீச்சரும் சிவப்பு விளக்கும்

எங்கள் வடக்கு டகோட்டாவின் சட்டமன்றம் இரண்டு வருஷத்துக்கு ஒரு முறை, ஜனவரியில் கூடுகிறது. அதாவது புத்தியுள்ளவன் எவனும் வீட்டை விட்டு வெளியே வராத மாதத்தில். உறுப்பினர்களில் பலர் விவசாயிகள். வயலில் செய்ய ஒன்றுமில்லாத காலத்தில் சட்டம் செய்துவிட்டு, விதைப்புக்கு ஊர் திரும்பிவிடுவார்கள். பள்ளிப் பேருந்து பனியில் சிக்கிக்கொண்டால் என்ன செய்வது என்று பேச இதைவிடப் பொருத்தமான பருவம் கிடையாது. இருந்தும் ஆர்லிஸ் வெட்டர் அதைப் பற்றி மூன்று கூட்டத்தொடர்களில் பேசி, மூன்றிலும் தோற்றிருந்தார்.

அவர் தெற்கே ஒரு சிற்றூரில் நான்காம் வகுப்பு ஆசிரியையாக இருந்தவர். வேலையின் கடைசி வருஷம், பிள்ளைகளைத் தலைநகர் பிஸ்மார்க்கில் உள்ள அருங்காட்சியகத்துக்கு அழைத்துப் போய்த் திரும்பும்போது பனிப்புயல் பிடித்துக்கொண்டது. பேருந்து பள்ளத்தில் சாய்ந்து நின்றது. அந்தப் பக்கம் கைபேசிக்குச் சிக்னல் கிடையாது. டீச்சர் பிள்ளைகளை இரண்டிரண்டு பேராக ஒரே கோட்டுக்குள் திணித்து, தூங்கிவிடாமல் வாய்ப்பாடு சொல்ல வைத்தார். பனி தள்ளும் வண்டிக்காரர் ஒருவர் தற்செயலாகப் பார்த்ததால் எல்லோரும் பிழைத்தார்கள். பிரிட்டா என்ற சிறுமிக்கு மட்டும் இரண்டு கால்விரல்களை எடுக்க வேண்டியதாயிற்று. “வண்டியில ஒரு ரேடியோ இருந்திருந்தா…” என்று ஊரில் எல்லோரும் சொன்னார்கள். சொல்லிவிட்டு எல்லோரும் வீட்டுக்குப் போனார்கள். டீச்சர் பிஸ்மார்க்குக்குப் போனார்.

அங்கே ஆசிரியர் சங்கம் அவரை லாபியிஸ்டாக வைத்துக்கொண்டது. சட்டமன்றத் தாழ்வாரத்தில் நின்று, உள்ளே போகிற உறுப்பினரை மறித்து, நம் பக்கம் ஓட்டுக் கேட்கும் தொழில் அது. மார்பில் பெயர் அட்டை குத்திக்கொள்ளலாம். அவை கூடியிருக்கும்போது உள்ளே கால் வைக்கக் கூடாது. மற்ற லாபியிஸ்டுகள் உறுப்பினர்களை இறைச்சி விருந்துக்கு அழைத்தார்கள். டீச்சர் யாருக்கும் ஒரு காபிகூட வாங்கித் தரவில்லை. அதைவிட விசித்திரம், எல்லாப் பள்ளிப் பேருந்துகளிலும் ரேடியோ வைக்கச் சொல்லும் தன் மசோதாவுக்கு எதிரான மிகச் சிறந்த காரணத்தை அவரே முதலில் எடுத்துச் சொல்லிவிட்டுத்தான் ஆதரவு கேட்பார். “மத்தவன் சொல்லி உங்களுக்குத் தெரியறதைவிட, நான் சொல்லித் தெரியறது நல்லது” என்பார். இதனால் எல்லோரும் அவரை நம்பினார்கள். நம்பிக்கையோடு எதிர்த்து ஓட்டுப் போட்டார்கள்.

நான்காவது கூட்டத்தொடரில் மசோதாவைக் கொண்டுவந்தவர் டேரல் நைகார்ட். கோதுமை விவசாயி, கண்டிப்பான லூத்தரன் கிறிஸ்தவர், பொய் சொல்ல நேரும் என்று வானிலையைப் பற்றிக்கூடப் பேசாதவர். எதிர்த்தவர் மார்லின் ஷவர், போக்குவரத்துக் குழுவின் தலைவர், டீச்சரின் பழைய மாணவர். குழு மசோதாவை நிராகரிக்கச் சொல்லிப் பரிந்துரைத்தது. ஆனால் எங்கள் மாநிலத்தில் எந்த மசோதாவையும் குழுவுக்குள்ளேயே கழுத்தை நெரித்துவிட முடியாது. செத்தாலும் அவையில், எல்லோர் கண் முன்னாலும்தான் சாக வேண்டும்.

இந்த முறையும் தோற்றால் மறுபடி கேட்க இரண்டு வருஷம் ஆகும். அதாவது இன்னும் இரண்டு குளிர்காலம், ரேடியோ இல்லாத பேருந்துகளில். ஓட்டெடுப்பன்று காலை டீச்சர் நைகார்டைத் தாழ்வாரத்தில் பிடித்தார்.

“டேரல், ஓட்டுப் பலகையில நாம தோக்கற மாதிரி தெரிஞ்சா, அதைப் பூட்டறதுக்குள்ள நீங்க பச்சையிலருந்து சிவப்புக்கு மாறிடணும்.”

“என்னோட மசோதாவுக்கு நானே எதிரா போடவா?”

“ஜெயிச்ச பக்கத்துல ஓட்டுப் போட்டவங்கதான் நாளைக்கு எழுந்து ‘இதை மறுபடி எடுக்கலாம்’னு கேக்க முடியும். தோத்தவன் வாயே திறக்கக் கூடாது. அதான் விதி. இங்க எல்லாரும் செய்யறதுதான்.”

“எல்லாரும் செய்யறாங்கன்னு தெரியும்” என்றார் நைகார்ட். அவருடைய ஊரில் அது சம்மதத்துக்கு அடையாளம் இல்லை.

பிற்பகலில் டீச்சர் பார்வையாளர் மாடத்தில் உட்கார்ந்து சுவரில் இருந்த ஓட்டுப் பலகையைப் பார்த்தார். பச்சையும் சிவப்பும் எரிந்தன. மூன்று ஓட்டுக் குறைந்தது. நைகார்டின் பெயருக்கு எதிரே பச்சை. மாடத்திலிருந்து கை காட்டக் கூடாது, கூப்பிடக் கூடாது. முப்பது வருஷம் ஒரு பார்வையாலேயே வகுப்பை அடக்கியவர், அந்தப் பார்வையை நைகார்டின் முதுகில் வைத்தார். அது அசையவில்லை. பலகை பச்சையோடே பூட்டப்பட்டது.

வெளியே ஒரு லாபியிஸ்ட் சிரித்தார். “என்ன டீச்சர், இந்த வருஷமும் பெயிலா?”

“பரீட்சை இன்னும் முடியல தம்பி” என்று சொல்லிவிட்டு டீச்சர் நைகார்டிடம் போனார்.

நைகார்ட் தொப்பியைத் திருகிக்கொண்டு நின்றார். “ஆர்லிஸ், விரல் பொத்தான் வரைக்கும் போச்சு. பிரிட்டாவோட அப்பாகிட்ட, உன் பக்கம் போடறேன்னு சொல்லிட்டேன். எப்பவுமேன்னு சொல்லிட்டேன். மாத்த முடியல.”

திட்டுவதற்கு ஆயிரம் வார்த்தை இருந்தது. “சரி, சாப்பிட்டீங்களா?” என்று மட்டும் கேட்டார். இப்போது ஜெயித்த பக்கத்திலிருந்தே ஓர் ஆள் வேண்டும். அதுவும் மறுநாள் அவை கலைவதற்குள்.

மறுநாள் மதியம் மார்லின் ஷவர் கீழ்த்தளத்து உணவகத்தில் தனியாக உருளைக்கிழங்கும் மாவுருண்டையும் போட்ட சூப்பைக் குடித்துக்கொண்டிருந்தார்.

“உக்காரலாமா மார்லின்?”

“வேண்டாம்னா போயிடுவீங்களா?”

“மாட்டேன்.”

“அப்புறம் எதுக்கு டீச்சர் கேக்கறீங்க?”

“மரியாதை. நாலாங்கிளாஸ்ல சொல்லிக் குடுத்தேன். நீ அன்னிக்கு லீவு போல.”

ஷவர் கரண்டியை வைத்தார். “பின்னக் கணக்குல எனக்கு பெயில் போட்டீங்க. என் தம்பிக்கு பாஸ்.”

“உன் தம்பி சரியா போட்டான். இப்ப கேளு. நீ ஏன் எதிர்த்தேன்னு நானே சொல்றேன். டவருக்குப் பக்கத்துல ஓடற பஸ்ஸுக்கும் ரேடியோ வைக்கச் சொல்லுது என் மசோதா. எந்த ரோட்டுல என்ன இருக்குன்னு பிஸ்மார்க்குக்குத் தெரியாது, ஊர்க்காரனுக்குத்தான் தெரியும். சரியான காரணம். அதுக்கு என்கிட்ட பதில் இல்ல.”

“பதில் இல்லாமயா நாலு தடவை வந்தீங்க?”

“பதில் உன்கிட்ட இருக்கும்னு வந்தேன்.”

ஷவர் சூப்புக் கிண்ணத்தை ஓரமாகத் தள்ளினார். “சிக்னல் இல்லாத ரூட்டுக்கு மட்டும். எது அந்த ரூட்டுன்னு அந்தந்த ஊர்ப் பள்ளி போர்டு முடிவு பண்ணட்டும்.”

“எழுந்து அதைச் சொல்லுவியா?”

“உங்களுக்காக இல்ல” என்றார் ஷவர். “நேத்து நான் டேரலையே பாத்துக்கிட்டிருந்தேன். அவன் சிவப்புக்கு மாறியிருந்தா, தந்திரம்னு புரிஞ்சு, இதை மறுபடி எடுக்கவே முடியாதபடி அங்கேயே பூட்டுப் போடச் சொல்லி எழுந்திருப்பேன். தீர்மானம் நாக்கு நுனியில இருந்துச்சு. அந்த மடையன் தோக்கறோம்னு தெரிஞ்சும் பச்சையிலேயே உக்காந்திருந்தான். அப்படிப்பட்டவன் மேல கதவைச் சாத்த எனக்கு மனசு வரல.”

தன் சாமர்த்தியமான யோசனை நிறைவேறியிருந்தால் மசோதா நேற்றே செத்திருக்கும் என்பது டீச்சருக்குப் புரிந்தது. தப்பான வழியில் சரியான விடை வந்தால் அவர் பாதி மதிப்பெண்தான் போடுவார். இன்று யாருக்கும் மதிப்பெண் போடும் நிலையில் அவர் இல்லை.

அவை கூடியதும் ஷவர் எழுந்து, நேற்று தானே தோற்கடித்த மசோதாவை மறுபடி எடுக்கச் சொன்னார். சிரிப்பு அடங்கச் சற்று நேரமாயிற்று. திருத்தத்தைப் படித்தார், அவை ஏற்றது. மசோதா ஓட்டுக்கு வந்தது. மாடத்தில் டீச்சர் கைப்பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். ஷவரின் அக்கம்பக்கத்து இருக்கைகளில் நேற்றுச் சிவப்பாக இருந்தவை ஒன்றொன்றாகப் பச்சையாயின. நைகார்ட் பச்சை. மசோதா நிறைவேறியது. ஷவரின் பெயருக்கு எதிரே, நேற்றுப் போலவே, சிவப்பு.

டீச்சர் அவரைக் கதவருகே மறித்தார். “நீயே தூக்கிட்டு வந்து, நீயே எதிரா போட்டியா?”

“திருத்தம் என்னுது, அதுக்குப் போட்டேன். மசோதா உங்களுது. அதுக்குப் போட்டா ஊர்ல எவனும் என்னை நம்ப மாட்டான்.”

“உனக்குப் பின்னம் இன்னும் வரல மார்லின்.”

“பாதி வந்திருக்கே டீச்சர்!”

டீச்சர் சிரித்தாரா என்று அங்கே நின்றவர்கள் இன்றும் சண்டை போட்டுக்கொள்கிறார்கள். நைகார்ட் கை குலுக்க வந்தபோது அவர் நிற்கவில்லை. மசோதா மேலவையான செனட்டையும் தாண்ட வேண்டும். செனட், பெரிய கூடத்தைத் தாண்டி எதிர்ப்பக்கம் இருந்தது. பளிங்குத் தரையில் தட்டைக் காலணிச் சத்தத்தோடு நடந்துபோய், அந்தக் கதவுக்கு வெளியே நின்று, முதலில் வந்த செனட்டரை மறித்தார்.

“நான் ஆர்லிஸ் வெட்டர். ஒரு மசோதா வருது. முதல்ல அதுக்கு எதிரா இருக்கற நல்ல காரணத்தைச் சொல்லிடறேன்.”