சித்தி குழைத்த சாம்பல் நிறம்

மகள் புஞ்சாக் ஆலாமில் வாங்கியிருக்கும் புது வீட்டின் முன்னறையில் வெளிர் சாம்பல் நிறச் சாயம் அடித்துக்கொண்டிருந்தார்கள். "இப்ப எல்லாரும் இதான்மா அடிக்கிறாங்க லா. பாக்க எவ்ளோ அமைதியா இருக்கு!" என்றாள். அமைதியாம். அந்த நிறத்தை நான் முதலில் பார்த்தது வெள்ளைக்காரன் கம்யூனிஸ்டுகளை வேட்டையாடிய அவசரகாலத்தில், கோல சிலாங்கூர்ப் பக்கத்து ரப்பர் தோட்டமொன்றில், சித்தி வீட்டுச் சுவரில். அதை அவள் கடையில் வாங்கவில்லை, தானே குழைத்தாள்.

தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளான எங்கள் லயத்தைச் சுற்றிக் கம்பிவேலி போட்டிருந்த சமயம். காட்டில் ஒளிந்திருப்பவர்களுக்கு அரிசி கொடுத்தார் என்று சந்தேகப்பட்டுச் சித்தப்பாவைப் பட்டாளத்தார் லோரியில் ஏற்றிக்கொண்டு போய்விட்டார்கள். பால் எடுக்கப் பால்மரம் வெட்டப் போனவர், போட்டிருந்த உடுப்போடு போனார். எங்கே வைத்திருக்கிறார்கள், உயிரோடுதான் இருக்கிறாரா என்று விசாரிக்க எல்லாருக்கும் பயம். விசாரித்தால் நம் வாசலுக்கும் லோரி வரும். சித்திக்குப் பிள்ளைகள் இல்லை. எங்கள் வீட்டுக்கும் அவள் வீட்டுக்கும் நடுவே ஒரே சுவர்தான். அந்தப் பக்கம் அவள் தனக்குத்தானே பேசிக்கொள்வது எனக்குக் கேட்கும்.

தீபாவளி வந்தது. தோட்டத்தில் தரும் சுண்ணாம்பைக் கரைத்து லயம் முழுக்க வெள்ளையடிப்போம். சாவு விழுந்த வீட்டுக்கு மட்டும் அந்த வருஷம் வெள்ளை கிடையாது. சித்தி என்ன செய்வாள்? அடித்தால், புருஷனைப் பறிகொடுத்தவளுக்குக் கொண்டாட்டம் கேட்கிறதா என்பார்கள். அடிக்காவிட்டால் அவளே அவரைச் சாகடித்த மாதிரி. அடுப்புக்கரியை அரைத்துச் சுண்ணாம்பில் கலக்கினாள்.

"என்னடி கண்றாவி இது?" என்றாள் அம்மா.

"இருக்காருன்னு சொல்லவும் ஆளில்ல, இல்லேன்னு சொல்லவும் ஆளில்ல. நான் வேற என்னக்கா அடிக்க?"

அதன் பிறகு ஒவ்வொரு தீபாவளிக்கும் அதே நிறம்தான். நல்ல காரியத்துக்கு அவளை அழைக்கத் தயங்கினார்கள். துக்கம் கேட்கவும் யாரும் போகவில்லை. வெள்ளை வெளேரென்ற வரிசையில் அவள் வீடு மட்டும் மழை கட்டின மாதிரி நிற்கும். நான் பலகாரம் கொண்டுபோனால் வாசலிலேயே வாங்கிக்கொள்வாள். உள்ளே இரண்டு பேருக்குத் தட்டு கழுவி வைத்திருக்கும்.

வேலியைப் பிரித்தெடுத்த பிறகுதான் சேதி கிடைத்தது. கப்பலில் தாய்நாட்டில் இருக்கும் சொந்த ஊருக்குப் போய்த் திரும்பிய, எங்களை வேலை வாங்கும் மண்டோர் வந்து சொன்னார்: "ஒம் புருஷன் நல்லாத்தான் இருக்கான் தாயி. அப்பவே கப்பலேத்தி ஊருக்கு அனுப்பிட்டாங்களாம். அங்க... ஒரு பொண்ணக் கட்டிக்கிட்டான். ரெண்டு புள்ளைங்க."

லயமே சித்தியைச் சூழ்ந்துகொண்டது. உயிரோடு இருக்கிறாரே, தாலி நிலைத்ததே, அது போதாதா என்று ஆளாளுக்குத் தேற்றினார்கள். சித்தி எல்லாருக்கும் தலையாட்டினாள்.

அந்தத் தீபாவளிக்கு அம்மா ஆசை ஆசையாக ஒரு வாளி சுண்ணாம்பு கரைத்து அவள் வாசலுக்கே கொண்டுபோனாள். "இனிமே என்னடி, பளிச்சுனு வெள்ளையடி" என்றாள்.

சித்தி வாளியைத் தொடவில்லை.

"எழவு வீட்டுக்கு எதுக்குக்கா வெள்ளை?"