குதிரை முன்னே, பிடில் பின்னே

"அம்மா, குதிரை ஓடி முடிச்சாச்சு. குதிரை மேல வந்தவனுக்குக் கல்யாணமும் ஆயிப்போச்சு. நீங்க இன்னும் ஆலாபனையிலேயே இருக்கீங்க."

இதைச் சொன்னவர், செகந்திராபாத்தில் பேசாத படம் காட்டிய ஒரு கொட்டகையின் மேனேஜர் நாயுடு. சொன்ன இடம் கொட்டகை வாசல். சோடா குடித்துக்கொண்டிருந்த நாலு சிப்பாய்கள் குடிப்பதை நிறுத்திவிட்டுக் கேட்டார்கள். கரகரப்பிரியாவை நாலு நிமிஷத்தில் முடிப்பது பாவம் என்று நான் சொன்னேன். குதிரையை அரை மணி ஓடவிடுவது தன் கையில் இல்லை என்று அவர் சொன்னார். சினிமாவுக்குச் சங்கீதம் வாசிப்பது, நமக்காக நிற்காதவர் பின்னால் மூச்சுவாங்க ஓடிக்கொண்டே அவரைப் பற்றிப் பேசுவது. அடுப்பில் பால் பொங்கும் நேரம் பார்த்து வாசலில் தந்திக்காரன் கூப்பிட்ட அனுபவம் உள்ள சகோதரிகளுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

என் யோக்கியதையையும் சொல்லிவிடுகிறேன். திருச்சியில் கான்வென்ட் சிஸ்டர்களிடம் மேல்நாட்டு ஸ்வரக் குறிப்பான ஸ்டாஃப் நொட்டேஷன் எழுதப் படிக்கக் கற்றேன். வீட்டுக்கு வந்த வித்வானிடம் பத்து வருஷம் பிடில். கல்யாணமாகி செகந்திராபாத் லாலாகுடா ரயில்வே குவார்ட்டர்ஸுக்கு வந்து சேர்ந்தேன். கொட்டகையில் பியானோ வாசித்த பட்டாளத்துக்காரர் ரெஜிமென்டோடு மாற்றலாகிப் போனதும், நாயுடு எங்கள் சர்ச்சில் வந்து விசாரித்தார். வாசிக்கத் தெரிந்தவர்கள் மூன்று பேர் இருந்தோம். மற்ற இரண்டு பேருக்குப் புத்தி இருந்தது.

மேஜை மேல் உட்கார்ந்தது

ஆம்பிளைகள் நடுவிலா உட்கார்ந்து வாசிப்பாய் என்று எங்கள் வீட்டுக்காரர் அருளப்பன் கேட்டதால், என்னை ஜனானாவில் போட்டார்கள். அது மாடியில் பெண்களுக்கென்று ஒதுக்கிய இடம். முன்னால் படுதா தொங்கும். விளக்கு அணைந்த பிறகுதான் விலக்குவார்கள். நான் கற்றபடி பாயில் சம்மணமிட்டு, பிடிலின் தலையைக் கணுக்காலில் ஊன்றிக்கொண்டேன். கமகமெல்லாம் ஜோராக வந்தது. படம்தான் தெரியவில்லை, எதிரே கைப்பிடிச் சுவர். நாற்காலிக்கு மாறினால் படம் தெரிந்தது, பிடில் வழுக்கியது, கமகம் போய்விட்டது. சரியென்று தரைக்கே திரும்பி, படத்தில் என்ன நடக்கிறது என்று பக்கத்தில் கேட்டுக் கேட்டு வாசித்தேன். மாலையும் பூவுமாக ஊர்வலம் போகிறது, கல்யாணம் போலிருக்கிறது என்றாள் ஒருத்தி. ஆனந்தபைரவியில் ஊஞ்சல் பாட்டைக் குழைத்துக் குழைத்து வாசித்தேன். தூக்கிக்கொண்டு போனது பிணத்தை.

கடைசியில் நாயுடு, டிக்கெட் கொடுக்கிற மேஜையையே மாடிக்கு ஏற்றி, அதன் மேல் என்னைச் சம்மணமிட்டு உட்காரவைத்தார். படமும் தெரிந்தது, கமகமும் பிழைத்தது. எந்தப் படத்தையும் தவறவிடாத பெரிய பீபி ஒருத்தி, வெற்றிலைப் பெட்டியை மூடிவிட்டு என்னை மேலும் கீழும் பார்த்தாள். அவள் பேசியது தக்கனி உருது, தமிழில் தருகிறேன். "ஊறுகாய் ஜாடியை யாரு இங்கே கொண்டாந்து வச்சது?"

அழுகைக்கு இரண்டு நிமிஷம்

கச்சேரியில் பிடில்காரர் என்றைக்கும் இரண்டாம் ஆள். பாட்டுக்காரர் விட்ட இடத்தில் தொடங்கி, அவர் இருமினால் நிறுத்த வேண்டும். ஆகவே படத்தில் ஒரு தாயார் சாகக் கிடந்தபோது எனக்கு ஒரே சந்தோஷம். குறுக்கே வர யாருமில்லாமல் முகாரி வாசிக்கப் பத்து வருஷம் காத்திருந்தவள் நான். கண்ணை மூடிக்கொண்டு தொடங்கினேன். எனக்கே கண்ணீர் வந்துவிட்டது. கண்ணைத் திறந்தால், குண்டு ஆசாமி ஒருவர் குளத்தில் வழுக்கி விழுந்துகொண்டிருந்தார். கீழே சிப்பாய்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அவரைப் பார்த்தா, முகாரியைக் கேட்டா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

பீபி மேஜையைத் தட்டினாள். நக்கோ என்றால் வேண்டாம் என்று அர்த்தம். அதிலுள்ள அலட்சியம் தமிழில் வராது என்பதால் அதை மட்டும் அப்படியே விடுகிறேன். "நக்கோ அம்மா. நீ அழ வந்தியா, எங்களை அழவைக்க வந்தியா?"

யார் போட்டது

கோபம் ஆற மூன்று நாளாயிற்று. ஆறின பிறகு, புதுப் படம் வந்தால் முதல் தடவை பிடிலைத் தொடாமல் பார்க்கத் தொடங்கினேன். பழைய நோட்டீஸ்களின் பின்பக்கத்தில் கோடு கிழித்து, எந்தக் காட்சிக்கு எத்தனை ஆவர்த்தனம், அதாவது எத்தனை தாளச் சுற்று, என்று எழுதிக்கொண்டேன். ஒரு படத்தில், மகனை வெளியூருக்கு அனுப்பிவிட்டு ஒரு தாய் கதவைச் சாத்துவாள். அவ்வளவுதான் காட்சி. எனக்குத் தெரிந்த எந்தக் கீர்த்தனையும் அந்தக் கதவுக்குப் பொருந்தவில்லை. எட்டே ஆவர்த்தனத்தில் நானே ஒன்று போட்டேன். ஒரு ராகத்தில் கிளம்பி இன்னொன்றில் போய் நிற்கும். என் வித்வான் கேட்டிருந்தால் பிடிலைப் பிடுங்கிக்கொண்டு போயிருப்பார்.

ஒரு வாரம் கழித்து அருளப்பன் சவரம் செய்துகொண்டே அதை முனகினார்.

"நல்லாயிருக்கே. இது யாரு கீர்த்தனை?"

"என்னோடது."

"அது சரி. யாரு போட்டது?"

சவரக் கத்தி கையில் இருப்பவரிடம் சண்டை போடக் கூடாது என்று விட்டுவிட்டேன். ஆனால் அன்றைக்கு ஓர் ஆசை வந்தது: இந்த எட்டு ஆவர்த்தனத்தையும், என்னுடையது என்று தெரிந்து, நாலு பேர் வாயை மூடிக்கொண்டு ஒரே ஒரு தடவை கேட்க வேண்டும்.

மரத்துக்குப் பின்னால்

பேசும் படம் வந்தது. "இனிமே படமே வாசிச்சுக்குமாம் அம்மா" என்று நாயுடு கையைப் பிசைந்தார். மனசாட்சி உறுத்தியதோ என்னவோ, மதராஸில் படமெடுக்கப் புறப்பட்டிருந்த தம் மைத்துனரிடம் என்னைச் சிபாரிசு செய்தார். பாட்டுப் போடவும் வேண்டும், வாத்தியக்காரர்களுக்கு எழுதித் தரவும் வேண்டும். ரயில்வே பாஸில் அருளப்பனோடு போய் இறங்கினேன்.

பதினெட்டுப் பாட்டு. அந்த மைத்துனர்தான் முதலாளி, அவரேதான் டைரக்டர். ஒவ்வொரு பாட்டிலும் சரணத்தை வெட்டினார். நான் ஒவ்வொரு தடவையும் வாதாடித் தோற்றேன். படத்தையும் பாட்டையும் ஒன்றாகவே பிடித்த காலம் அது. நாங்கள் காமிராவில் விழாமல் அட்டை மரத்துக்குப் பின்னால் குந்தியிருப்போம். அந்தக் கதையிலும் ஒரு தாய் மகனை அனுப்பிவிட்டுக் கதவைச் சாத்தினாள். எந்தப் பாட்டை வேண்டுமானாலும் வெட்டுங்கள், இந்த இடத்தில் மட்டும் பாட்டும் வேண்டாம், பேச்சும் வேண்டாம், எட்டு ஆவர்த்தனம் பிடில் போதும் என்று கேட்டேன். வார்த்தை இல்லாவிட்டால் ஜனங்கள் எதைக் கேட்பார்கள் என்றார். அன்றைக்குத் தாயாராக நடித்தவருக்குத் தொண்டை கட்டியிருந்தது, அதனால் ஒப்புக்கொண்டார்.

வாசித்து முடித்தேன். மரத்துக்குப் பின்னால் என் பக்கத்தில் இருந்த ஹார்மோனியக்காரர் உருகிப்போய் என்னைப் பார்த்தார். "ரொம்ப நல்லாயிருந்துதும்மா. பாட்டு எப்போ ஆரம்பிக்கும்?"

எட்டு ஆவர்த்தனம்

படம் செகந்திராபாத்துக்கு வந்த அன்று லாலாகுடா காலனியே கொட்டகையில் இருந்தது. 'சங்கீதம்: மிஸஸ் அருளப்பன்' என்று எழுத்து விழுந்ததும், கீழே ஆண்கள் பக்கத்தில் அருளப்பன் தனியாளாகக் கைதட்டியது மாடி வரை கேட்டது. பதினெட்டுப் பாட்டுக்கும் பெண்கள் பொம்மை மாதிரி உட்கார்ந்திருந்தார்கள். அவை போனால் போகட்டும் என்று நான் காத்திருந்தேன்.

தாய் கதவைச் சாத்தினாள். பிடில் தொடங்கியது. ஜனானா முழுவதும் ஒரே நேரத்தில் வாயைத் திறந்தது. எங்கள் அடுத்த வீட்டு ஞானம்மா, "சாத்தாதடீ, பிள்ளை திரும்பிப் பாக்கிறான் பாரு" என்று படத்தோடு பேசினாள். பின்வரிசையில் ஒருத்தி ரங்கூனில் இருக்கும் தன் மகன் பெயரைச் சொல்லி ஓவென்று அழுதாள். அவளைத் தேற்ற ஐந்து பேர் குரலெடுத்தார்கள். நானும் இந்த வருஷம் ஊருக்குக் காகிதம் போடவில்லையே என்று ஒரு நிமிஷம் மூக்கைத் துடைத்தேன். அதற்குள் இரண்டு ஆவர்த்தனம் போய்விட்டது.

சினிமாவுக்குச் சங்கீதம் செய்கிறவள் தன் வேலையைச் சரியாகச் செய்தால் அது அவள் காதிலேயே விழாது என்பதுதான் இத்தனை வருஷத்தில் நான் கண்ட பலன். அன்றைக்கு எனக்கு அது தெரியாது. பேசாமல் இருக்கச் சொல்லி மூன்று தடவை கேட்டும் ஒருத்தியும் திரும்பவில்லை. நாலாவது தடவை எழுந்து நின்று, கான்வென்டில் பிரார்த்தனை சொல்லிப் பழகிய குரலில் கேட்டேன்:

"அம்மாமார்களே, இன்னும் ரெண்டு ஆவர்த்தனம்தான் இருக்கு, கொஞ்சம் பேசாம இருங்களேன், இது நான் போட்டது."