லூக்காவுக்குக் கொடுத்த பங்கு

நான் பொய் சொன்னேன். அந்தப் பொய்யால் ஒருத்தன் இந்த நாட்டுக்குள்ளயே வர முடியாமப் போனான்.

பேரு லூக்கா. இத்தாலிக்காரன். டூரிஸ்ட் விசாவில் மாமல்லபுரம் வந்தவன். எங்க குப்பத்துக்குப் பக்கத்து லாட்ஜில் தங்கினான். முதல் நாள் கரையில் நின்னு பார்த்தான். ரெண்டாம் நாள் வலையில் கை வச்சான். ஒரு மாசத்துல என் படகில் நாலாவது ஆளே அவன்தான்.

எங்க கரையில் வலை தொட்டவனுக்குப் பங்கு உண்டு. அவனுக்கும் மீனாக் கொடுத்தேன். அதை நேரா என் வூட்டுக்கே எடுத்து வந்து, எங்களோடயே சாப்பிடுவான்.

"இன்னாடா, உங்க ஊர்ல சோறே போடமாட்டாங்களா?" என்பாள் என் பெண்டாட்டி செல்வி.

"போடுவாங்க அண்ணி. ஆனா காரமே இருக்காது!"

கடற்கரைக் கோயில் கண்ணுக்குத் தெரிஞ்சதும் படகில் எழுந்து நின்னு கத்துவான்... "அண்ணாத்த, வூடு வந்துடுச்சு!" எத்தனை நல்ல காலை அதெல்லாம்!

ஒருநாள் அவனே கேட்டான். "அண்ணாத்த, என் விசாவில் வேலை செய்யக் கூடாது. ஒண்ணும் ஆகாதே?"

நான் சிரிச்சேன். "சம்பளமா குடுக்குறேன்? மீனு தானே! பேசாம ஏறுடா."

தெரியாமத்தான் சொன்னேன். ஆனா அதுக்கப்புறம் செஞ்சது தெரிஞ்சே செஞ்சது.

அவன் வலை இழுக்கிற வீடியோவை யாரோ போனில் போட்டுட்டாங்க. ஒரு காலையில் நாங்க கரை ஏறும்போது விசா ஆபீஸ்ல இருந்து ரெண்டு அதிகாரிங்க வந்து நின்னாங்க.

"பங்கு வாங்கினா அதுவும் வேலைதான்யா. வேலைக்கு வச்சவன் மேலயும் கேஸ் வரும். யாரு இவனை ஏத்தினது?"

கேஸ்னு கேட்டதும் கையில இருந்த வலையைக் கீழ போட்டேன். சொன்னேன்... "இந்த ஆளு யாருன்னே தெரியாது சார். அவனா ஏறிக்கினு வந்துட்டான்."

என் லுங்கியைக் கட்டிக்கினு, லூக்கா கை எட்டுற தூரத்தில் நின்னான். அவனுக்குத் தமிழ் கத்துக் குடுத்ததே நான்தான். ஒரு சொல் விடாம அவனுக்குப் புரிஞ்சிருக்கும்!

அதிகாரி அவன் பக்கம் திரும்பினார். லூக்கா என்னைப் பார்க்கவே இல்லை. "ஆமா சார். நானாத்தான் ஏறினேன்" என்றான்.

ஊருக்கு அனுப்பிட்டாங்க. திரும்பி வரக் கூடாதுன்னும் எழுதிட்டாங்க.

ஏன் அப்படிச் சொன்னேன்? படகு போயிடும்னா? ஜெயிலுக்குப் பயந்தா? ரெண்டும்தான். வேற காரணம் தேடிப் பார்த்தேன்... கிடைக்கலை.

ஊருக்கு அனுப்பினது செல்விக்குத் தெரியும்; நான் சொன்ன பொய்யும், அவன் திரும்பி வரக் கூடாதுன்னதும் இன்னும் தெரியாது. "உன் தம்பி ஏன் வர்றதே இல்ல?" என்று கேட்பாள். அவன் ஊரில் வேலை இருக்கும்னு சொல்லிவிடுவேன்.

போன மாசம் அவன்கிட்டயிருந்து சேதி வந்தது. மறுபடி விசா கேட்டானாம், மறுத்துட்டாங்களாம். "அண்ணாத்த, நீ கூப்பிட்டுத்தான் ஏறினேன்னு ஒரு கடிதம் எழுதித் தருவியா? வக்கீல் கேக்குறாரு."

எழுதினா அது என் கையெழுத்து. கேஸ் என் மேல வரும்.

முகம் தெரியாத உங்களுக்கு இவ்வளவு எழுதிட்டேன். என் பேரு போடலை, அதான் கை வந்துச்சு. அவனுக்கு இன்னும் ஒரு வரி எழுதலை.