சீனிவாசலுவின் மைக் செட்

ஏழாவதோடு பள்ளியை விட்டவன் நான்; இன்று கோவை கணபதியில் எனக்கு மூன்று பட்டறைகள். மலையில் மண் சரிந்து வீடிழந்தவர்களுக்கு நிதி திரட்டும் கச்சேரியை நான்தான் நடத்தினேன். மைக் செட் சீனிவாசலு. முப்பது வருடமாக என் வீட்டு விசேஷங்களுக்கெல்லாம் அவர்தான். அவர் மகள் சாய்ப்ரியா அந்தச் சரிவில்தான் போனாள்.

“ஏனுங்க, நீங்க எதுக்கு வந்தீங்க? வேற ஆளு வெச்சிருப்பனுங்களே,” என்றேன்.

“செத்தவங்க பேரெல்லாம் வாசிக்கறாங்களாமா. வேற ஆளுன்னா மைக் கொய்ங்னு கத்திப்போடுமுங்க. பாப்பா பேரு சுத்தமாக் கேக்கோணும்.”

பாட்டுக்கு முன் பெயர்களை வாசித்தார்கள். சாய்ப்ரியாவின் பெயர் கடைசி வரிசை வரை தெளிவாகக் கேட்டது. சீனிவாசலு ஒலியைக் கூட்டிக் குறைக்கும் குமிழிலிருந்து கையை எடுக்கவில்லை. அடுத்த பெயருக்காகக் காத்திருந்தார்.

பிறகு புரவலர் என்று என் பெயரையும் வாசித்தார்கள். அதுவும் தெளிவாகத்தான் கேட்டது. கைதட்டினார்கள். எனக்குப் பெருமையாக ஒன்றும் தோன்றவில்லை.